தண்ணீர் தெருவுக்கு வருமுன்: சென்னைப் புறநகர் வீடுகளுக்கு ஒரு மழைக்கால ஆயத்த வழிகாட்டி

மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் குடியிருப்பவன் நான். 2015-இல் இடுப்பளவு, 2023-இல் முழங்காலளவு என்று இரண்டு முறை வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தாகிவிட்டது. முதல் முறை எதுவும் தெரியாது. இரண்டாம் முறை எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசி, எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதி வைத்தோம். இந்த வழிகாட்டி அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து வளர்ந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், பெரும்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். மற்றவர்கள் தங்கள் ஏரிக்கும் ஆற்றுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசின் படகு எங்கள் தெருவுக்கு இரண்டு முறையும் இரண்டாம் நாளுக்குப் பிறகுதான் வந்தது. அதற்காக யாரையும் திட்டவில்லை. ஒரே நாளில் ஆயிரம் தெருக்கள் மூழ்கும்போது எந்தப் படகும் எல்லா வாசலுக்கும் வந்துவிட முடியாது. அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தை உங்கள் வீடும் உங்கள் தெருவும்தான் தாண்ட வேண்டும். அதனால் கீழே உள்ளவற்றில் பாதி, பொருள் வாங்குவதைப் பற்றியது அல்ல. ஆட்களைத் தெரிந்து வைத்துக்கொள்வதைப் பற்றியது.

முதல் படி: உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

எல்லா வெள்ளமும் ஒன்றல்ல. ஊர்ப் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. தாங்கல், ஏந்தல், ஏரி என்று முடிகிற இடமெல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர் தங்கிய இடம். பழவந்தாங்கல் என்று பெயர் வைத்தவர்கள் விளையாட்டுக்கு வைக்கவில்லை.

வழி மூன்று. ஒன்று, பெய்த மழை வடியாமல் அப்படியே நிற்பது. 1 செ.மீ. மழை என்றால் 1,200 சதுர அடி மனையில் சுமார் 1,100 லிட்டர். ஒரு நாளில் 20 செ.மீ. பெய்தால் அந்த அரை கிரவுண்டு வீட்டின் மேல் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு தண்ணீர் லாரி கொட்டியதற்குச் சமம். இது மெதுவாக ஏறும், மெதுவாக வடியும். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில்தான் கடலைச் சேர வேண்டும். புயல் கரையோரம் நின்று கடல் மட்டத்தை உயர்த்தினால் தண்ணீர் கடலில் இறங்கும் அந்த வாசல் அடைத்துக்கொள்ளும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது நடந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மழை விட்டும் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது.

இரண்டாவது, மேலே உள்ள ஏரிகள் நிரம்பிக் கலங்கல் (ஏரியின் உபரி நீர் வெளியேறும் இடம்) வழியாக வழிவது, அல்லது கரை உடைவது. முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்குப் பெரும்பாலும் இதுதான். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அடையாற்றின் தலைப்பகுதியில் இறங்குகிறது. மூன்றாவது, செம்பரம்பாக்கம் ஏரி திறப்பு. அதன் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது, அன்றிரவு ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி, அதாவது 8 லட்சம் லிட்டருக்கும் மேல் திறக்கப்பட்டது. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் அந்தத் தண்ணீர் போகும் அடையாற்றின் பாதையில்தான் இருக்கின்றன.

இது ஏன் முக்கியம் என்றால், தொலைக்காட்சியில் “செம்பரம்பாக்கம் 22 அடியைத் தொட்டது” என்று ஓடும்போது மடிப்பாக்கத்தில் நான் பதறுவதில் பயனில்லை. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருக்கும் என் தங்கை பதறியே ஆக வேண்டும். முடிச்சூர்க்காரர் செம்பரம்பாக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பின்னாலிருந்து வேறு ஏரி வந்துவிடும். உங்கள் தெருவில் இருபது வருடமாக இருக்கும் டீக்கடைக்காரரையோ இஸ்திரி போடுபவரையோ கேளுங்கள்: “தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வரும், முதல்ல எந்த வீட்டுக்குள்ள நுழையும்?” எந்த வரைபடத்தைவிடவும் துல்லியமாகச் சொல்வார்கள்.

இரண்டாம் படி: எச்சரிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்வது

வானிலை ஆய்வு மையத்தின் வண்ணங்களை வெறும் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்கிறோம். அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு. ஆரஞ்சு வந்த அன்று மாலையே என் வேலைகள் முடிந்திருக்க வேண்டும் என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட விதி. சிவப்பு வந்த பிறகு கடைக்குப் போனால் பிரெட் இருக்காது.

2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் சென்னையில் எதிர்பார்த்த மழை வரவில்லை, ஊரே சிரித்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தியவர்களைப் பார்த்து மீம்ஸ் போட்டார்கள். நானும் என் காரை மேட்டுப்பாங்கான இடத்தில் விட்டிருந்தேன். எனக்கு வெட்கமில்லை. மழைக் கணிப்பு மாவட்ட அளவில் சொல்லப்படுவது, உங்கள் தெருவுக்கு அல்ல. பத்து முறை வீணாக ஏற்பாடு செய்தால் பத்து முறை ஒத்திகை நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழக அரசின் ‘டிஎன்-அலர்ட்’ செயலியையும் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலியையும் கைப்பேசியில் போட்டு, இருப்பிட அனுமதி கொடுத்து வையுங்கள். தனி ஆர்வலர்களின் வானிலைப் பதிவுகளும் பயனுள்ளவைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் வீட்டைக் காலி செய்வது போன்ற முடிவுக்கு அரசு அறிவிப்பை மட்டும் அடிப்படையாக வையுங்கள்.

மூன்றாம் படி: எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள், யாருக்கு எது என்று சேர்த்து

கைப்பேசி அணைந்துவிட்டால் அதிலுள்ள எண்களும் அணைந்துவிடும். ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒட்டுங்கள். கீழே ஒட்டாதீர்கள், நாங்கள் முதலில் ஒட்டியது ஊறிப் போனது.

- 112: எந்த அவசரத்துக்கும் ஒரே எண்
- 108: ஆம்புலன்ஸ்
- 101: தீயணைப்பு மற்றும் மீட்புப் பணி. வெள்ள மீட்புக்கும் இவர்கள்தான். வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் கூப்பிடலாம்
- 1077: மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறை
- 1070: மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம்
- 1913: பெருநகர சென்னை மாநகராட்சி
- 94987 94987: மின்வாரியத்தின் மின்னகம் புகார் மையம்
- 1906: சமையல் எரிவாயுக் கசிவு

பலர் தவறு செய்வது 1913-இல். அது சென்னை மாநகராட்சிக்கு மட்டும். முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்துகொண்டு அதற்கு அழைத்தால் நேரம்தான் போகும். தாம்பரம் தனி மாநகராட்சி, ஆவடி தனி மாநகராட்சி. இவற்றின் எண்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லை குழப்பமாக இருந்தால் 1077 பாதுகாப்பானது. ஆனால் அதுவும் மாவட்டத்துக்கு மாவட்டம் பிரியும். வேறு ஊரிலிருந்து உங்களுக்காக அழைக்கும் மகனுக்கோ மகளுக்கோ அவர்கள் இருக்கும் மாவட்டத்தின் அறை கிடைக்கக்கூடும். அதனால் உங்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் நேரடித் தொலைபேசி எண்ணை, ஊர்க் குறியீட்டோடு, முன்பே கேட்டு எழுதி அவர்களிடம் கொடுங்கள்.

எண்ணுக்குப் பக்கத்திலேயே உங்கள் விவரமும் இருக்கட்டும்: வார்டு எண், மண்டலம், மின் இணைப்பு எண், தெருவை அடையாளம் காட்டும் கோயில் அல்லது பள்ளி. பதற்றத்தில் சொந்தக் கதவு எண்ணே மறக்கும். அழைத்ததும் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருக்கிறோம்: “எந்தத் தெரு, எந்த அடையாளம், எந்தத் தளம், எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் யார், தண்ணீர் எவ்வளவு உயரம்.” இந்த ஆறும் முப்பது விநாடியில் சொல்லிவிடலாம். “சார், எங்க ஏரியாவே மூழ்கிடுச்சு” என்று தொடங்கினால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு எழுதிக்கொள்ள எதுவும் கிடைக்காது. புகார் எண் கொடுத்தால் அதே தாளில் நேரத்தோடு குறியுங்கள். இரண்டாவது முறை அழைக்கும்போது அதிலிருந்து தொடங்கலாம்.

நான்காம் படி: தெருவின் பட்டியல்

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம். வீட்டு அவசரத்தில் உண்மையில் தேவைப்படுபவர்கள் எலக்ட்ரீஷியன், பிளம்பர், மோட்டார் மெக்கானிக், உயரமான வண்டி வைத்திருப்பவர், ஒரு செவிலியர். இவர்களை மழைக்கு நடுவில் இணையத்தில் தேடினால் என்ன நடக்கும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். 2023-இல் தண்ணீர் இறைக்க மோட்டார் வேண்டும் என்று ஒரு எண்ணைப் பிடித்தேன். முன்பணம் இரண்டாயிரம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். மோட்டாரும் வரவில்லை, அந்த எண்ணில் அதன் பிறகு யாரும் எடுக்கவும் இல்லை.

அதனால் இப்போது முறை வேறு. ஆனி, ஆடியில் ஏதாவது ஒரு சின்ன வேலை கொடுத்துப் பார்ப்போம். ஃபேன் மாட்டுவது, குழாய் மாற்றுவது போல. சொன்ன நேரத்துக்கு வந்தாரா, சொன்ன கூலியை வாங்கினாரா, செய்த வேலை நீடித்ததா என்று மட்டும் பார்ப்போம். வந்தவரிடம் நேராகவே கேட்போம்: “அண்ணே, வெள்ளம் வந்தா உங்க வீடு என்ன ஆகும்?” சிரிக்காதீர்கள். எங்கள் பழைய எலக்ட்ரீஷியன் மிகவும் நல்லவர். ஆனால் அவர் வீடு எங்களுக்கு முன்னாலேயே மூழ்கிவிடும். மேட்டில் குடியிருக்கும் இன்னொருவரும் பட்டியலில் வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் நடந்து வரக்கூடிய தூரத்தில்.

அடுத்து தெருவுக்குள்ளேயே கணக்கெடுப்பு. யார் வீட்டில் மாடி இருக்கிறது, யாரிடம் ஜெனரேட்டர், யார் கயிறு வைத்திருக்கிறார், யாருக்கு நீச்சல் தெரியும், யார் மருத்துவத் துறையில் வேலை. எதிர்ப்பக்கத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா ஒருவர் பதினோரு வருடமாக இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு பட்டியல், உதவி தேவைப்படுபவர்கள்: தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தை, டயாலிசிஸ் போகிறவர், ஆக்சிஜன் கருவியில் இருப்பவர், கர்ப்பிணி. பிரசவத் தேதி ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் முன்பே சொல்லி வையுங்கள். மழைக்கு முன்பே மருத்துவமனை பக்கம் மாறிவிடுவது எல்லோருக்கும் நல்லது. இந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் யார் கையிலும் போய்ச் சேரும். தெருவில் இரண்டு பேர் கையில் காகிதமாக இருந்தால் போதும்.

2015-இலும் 2023-இலும் முதலில் வந்த படகுகளில் பல மீனவர்களுடையவை. எங்கள் தெருவில் வயதான ஒரு தம்பதியை வெளியே கொண்டுபோனதும் அப்படி வந்த ஒரு படகுதான். அழைக்க எண் எதுவும் எங்களிடம் இல்லை. தெரு முனையில் போய் நின்று கத்தினோம். இப்போது ஒரு விசில் வைத்திருக்கிறோம்.

ஐந்தாம் படி: வீட்டுக்குள் என்ன இருக்க வேண்டும்

இதை நீட்ட விரும்பவில்லை. குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்து நான்கு நாளுக்குக் கணக்கிடுங்கள். நாலு பேர் வீட்டுக்கு 20 லிட்டர் கேன் நான்கு தேவைப்படும். அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியவை: அவல், பொரி, வேர்க்கடலை, பேரீச்சை, பால் பவுடர், வெல்லம். அவலும் வெல்லமும் ஊறவைத்தால் ஒரு வேளை ஓடிவிடும். தொடர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரண்டு வார மாத்திரையும் மருந்துச் சீட்டின் நகலும். டார்ச், பேட்டரி, பவர் பேங்க். சில்லறையாக மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்; மின்சாரமும் இணையமும் போனால் ஜிபேயும் இல்லை, ஏடிஎம்மும் இல்லை. நாப்கின், கைக்குழந்தைக்கான டயப்பர், கொசுவத்தி. வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று வீட்டில் யாரிடமாவது இருக்கட்டும்.

எதைச் செய்தாலும் வாளிகளில் தண்ணீர் பிடித்து வைக்க மறக்காதீர்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்கும், கழிவறைக்கு ஊற்ற ஒரு குவளை இருக்காது.

ஆறாம் படி: மின்சாரம்

வெள்ளத்தில் நீச்சல் தெரியாமல் சாவதைப் பற்றித்தான் பயப்படுகிறோம். கணுக்கால் தண்ணீரிலும் மின்சாரம் கொல்லும் என்பது நினைவில் இருப்பதில்லை. சென்னையில் பல இடங்களில் கம்பி பூமிக்கடியில் போகிறது. தெரு ஓரத்துப் பில்லர் பாக்ஸ்கள் (வீடுகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் பெட்டிகள்) தண்ணீரில் நிற்கின்றன. அவற்றின் அருகே போகாதீர்கள், பிள்ளைகளை விடாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். மின்சாரம் இல்லாதது போலத் தெரிந்தாலும், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து பின்னோக்கி வரக்கூடும்.

வீட்டுக்குள் தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். உள்ளே வந்த பிறகு, நீங்கள் தண்ணீரில் நின்றுகொண்டு அணைக்கக் கூடாது. அப்போது மின்வாரியத்தைக் கூப்பிட்டு வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்ல வேண்டும். மெயினை அணைத்ததும் எல்லாம் பாதுகாப்பு என்று நினைப்பதில்தான் ஆபத்து. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயின் போனவுடன் இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும். அதே 230 வோல்ட். சுவர் பிளக்குகளில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். இன்வெர்ட்டரை அதன் சுவிட்சிலேயே அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றச் சொல்லுங்கள். 2015-இல் எங்கள் இன்வெர்ட்டர் தரையில், படுக்கையறை மூலையில் இருந்தது. விளக்கு எரிகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு தண்ணீரில் கால் வைக்கப் போனேன். பக்கத்து வீட்டு மாமா ஜன்னல் வழியாகக் கத்தியதால் இன்று இதை எழுதுகிறேன். இப்போது இன்வெர்ட்டர் நாலடி உயர மேடையில் இருக்கிறது.

கசிவு மின்சாரத்தைக் கண்டு உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத வீடு என்றால், வேறு எதற்கும் முன்பு அதைப் போடுங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தரைத்தளத்துக்குத் தனி எம்சிபி (மின்சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச்), மாடிக்குத் தனி எம்சிபி என்று பிரித்துவிட்டால், கீழே அணைத்துவிட்டு மேலே விளக்கெரியலாம். பிளக்குகளைத் தரையிலிருந்து நாலடிக்கு ஏற்றுவது பழைய வீட்டில் செலவு. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது சேர்த்துச் செய்யலாம். தண்ணீர் வடிந்த பிறகு, எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு சுற்றையும் சோதிக்காமல் மெயினைப் போடாதீர்கள். “ஒரு நிமிஷம் போட்டுப் பாப்போம்” என்பதும் வேண்டாம்.

சிலிண்டரை ரெகுலேட்டரில் மூடி, மேலே ஏற்றுங்கள். பாதி காலியான சிலிண்டர் மிதக்கும்.

ஏழாம் படி: காகிதங்கள்

ஆதார், ரேஷன் அட்டை, பத்திரம், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், காப்பீட்டு ஆவணங்கள் எல்லாம் ஒரே நீர்புகாப் பையில், பரணில். டிஜிலாக்கரில் முடிந்ததை ஏற்றிவையுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு தொலைந்த ஆவணங்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது உண்மைதான். ஆனால் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். ரேஷன் அட்டையை மறக்காதீர்கள். மிக்ஜாமுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது.

இன்னொரு சின்ன வேலை: வீட்டை ஒவ்வொரு அறையாகக் கைப்பேசியில் வீடியோ எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். காப்பீடு கேட்கும்போது முன்பு இருந்ததைக் காட்ட அதுதான் சாட்சி.

எட்டாம் படி: இருப்பதா, கிளம்புவதா

இந்த முடிவைத் தண்ணீர் வந்த பிறகு எடுத்தால் தவறாகத்தான் எடுப்போம். ஆண்கள் “பாத்துக்கலாம்” என்பார்கள், பாட்டி “நான் எங்கயும் வரல” என்பார். அதனால் வெயில் காலத்திலேயே ஓர் அடையாளத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மேடை. தண்ணீர் அதன் முதல் செங்கல்லைத் தொட்டால் கிளம்பிவிட வேண்டும், விவாதம் கிடையாது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் அதற்கு முன்பே, ஆரஞ்சு எச்சரிக்கையிலேயே, பரங்கிமலைப் பக்கம் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். போகும் வீட்டாரிடம் இப்போதே பேசி வையுங்கள். அருகில் எந்தப் பள்ளி, எந்தச் சமூகக் கூடம் நிவாரண முகாமாக மாறும் என்பதை வார்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஓடும் தண்ணீரில் இறங்க வேண்டாம். அரை அடி ஆழம்கூட ஆளைச் சாய்த்துவிடும், ஒரு அடியில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். நிற்கும் தண்ணீரில் நடந்துதான் ஆக வேண்டும் என்றால் கையில் நீளமான கம்பு. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஊன்றிப் பாருங்கள். மழைநீர் வடிகால் மூடியும் பாதாளச் சாக்கடை மூடியும் திறந்து கிடக்கும். செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: வதந்தியும் மோசடியும்

2015-இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று செய்தி பரவியது. பண்ணை மறுத்த பிறகும் எங்கள் தெருவில் ஒருவர் முதலை வருகிறதா என்று மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சிரிக்கலாம். ஏரி உடைந்துவிட்டது என்று நள்ளிரவில் வந்த செய்தியைப் பார்த்து, பாதுகாப்பான மாடியை விட்டு இருட்டில் தண்ணீரில் இறங்கியவர்களை நினைத்தால் சிரிப்பு வராது.

தெரு வாட்ஸ்அப் குழுவில் எங்கள் விதி இரண்டு. தேதியும் நேரமும் இடமும் இல்லாத செய்தியைப் போடக்கூடாது. உதவி எண்ணைப் பகிரும் முன் பகிர்பவரே ஒருமுறை அழைத்துப் பார்த்திருக்க வேண்டும், “அழைத்தேன், காலை 9.40-க்கு எடுத்தார்கள்” என்று சேர்த்து எழுத வேண்டும். கிடைத்த உதவிக்கு “கிடைத்தது” என்று போடுவதும் கடமை. இல்லையென்றால் நேற்று மீட்கப்பட்டவரைத் தேடி இன்று ஒரு படகு வீணாகப் போகும்.

பணம் விஷயத்தில்: நிவாரணத்துக்கு அனுப்ப நினைத்தால் முதலமைச்சர் பொது நிவாரண நிதியின் அதிகாரப்பூர்வ இணையதளத்துக்கு நீங்களே போய் அனுப்புங்கள், யாரோ அனுப்பிய கியூஆர் படத்தில் அல்ல. உங்களுக்கு நிவாரணம் வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பத்தாம் படி: தண்ணீர் வடிந்த பிறகு

துடைப்பத்தை எடுக்கும் முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர்க் கோடு, நனைந்த பொருள்கள், அவற்றின் வரிசை எண்கள்.

வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளேயே உடையும். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. இழுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும்.

சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில்) கலந்த வெள்ள நீரை முழுவதும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்ட பிறகு 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். குடிப்பதற்கு அதையும் கொதிக்கவைத்தே. வயிற்றுப்போக்கு வந்தால் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, அளவு மாறக்கூடாது. வெள்ள நீரில் நடந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் “வெள்ளத் தண்ணியில நடந்தேன்” என்று நீங்களே சொல்லுங்கள். அவருக்கு அது தெரியாது.

துணிக்குவியல், செருப்பு, வாஷிங் மெஷின் அடிப்பக்கம், எதையும் கம்பால் தட்டிவிட்டுத் தொடுங்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். கட்டுவிரியன் கடி வலிக்கவே வலிக்காமல் இருக்கலாம்; இரவில் தூங்கி எழுந்தவருக்குக் காலையில் இமை கனத்தால் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கடைசியாக ஒரு வேலை. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அழிக்கும் முன், தரையிலிருந்து அளந்து, தேதியோடு ஓரிடத்தில் எழுதி வையுங்கள். எங்கள் கூடத்தில் 2015-க்கு ஒரு கோடும் 2023-க்கு ஒரு கோடும் போட்டிருந்தேன். வீட்டைப் பார்க்க வருபவர்கள் கண்ணில் படும் என்று உரிமையாளர் அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டார். நான் இப்போது பூஜை அறைக் கதவின் உட்பக்கம் பென்சிலால் போட்டிருக்கிறேன்: 2015, 94 செ.மீ. 2023, 51 செ.மீ.